கோலாலம்பூரில் சிம்பொனி வாசிப்பவர்கள் யார்?

2025 மார்ச் 8 அன்று இளையராஜா லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு தன் சிம்பொனியை அரங்கேற்றினார். அன்றிலிருந்து நம் கோலாலம்பூர்த் தமிழர்களிடையே, கல்யாண மண்டபத்திலும் மாமாக் கடை மேசையிலும், முன்பு யாரும் அவ்வளவாகக் கேட்காத ஒரு கேள்வி அடிபடுகிறது: நம்ம ஊரில் இதையெல்லாம் வாசிக்க ஆள் இருக்கிறார்களா? இருக்கிறார்கள். இரட்டைக் கோபுரத்தின் அடியில் வாசிக்கும் மலேசிய பில்ஹார்மோனிக்கைத் தெரியாதவர் குறைவு. ஆனால் நான் சொல்ல வந்தது அவர்களைப் பற்றி மட்டுமல்ல. திங்கள் முதல் வெள்ளி வரை வங்கியிலும் கிளினிக்கிலும் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்துவிட்டு, வார இறுதியில் முதுகில் செல்லோ பெட்டியை மாட்டிக்கொண்டு ஒத்திகைக்குப் போகிறார்களே, அவர்களைப் பற்றி. சம்பளம் கிடையாது. பல குழுக்களில் அவர்களே சந்தா கட்டுகிறார்கள். ஒரு நகரத்தில் இந்த இசை வேர் பிடித்திருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், விலை கூடிய அரங்கத்தைப் பார்ப்பதைவிட இவர்கள் எத்தனை பேர், எங்கிருந்து வருகிறார்கள் என்று பார்ப்பதுதான் சரி என்பது என் எண்ணம்.

ஐரோப்பாவில் இந்தக் கதை கீழிருந்து மேலே போனது. 1743ல் லைப்சிக் நகரத்து வணிகர்கள் கைப்பணம் போட்டு 16 வாசிப்பாளர்களோடு ஒரு கச்சேரித் தொடர் ஆரம்பித்தார்கள். 1781ல் அது துணி வியாபாரிகளின் கட்டடத்துக்குள் ஒரு கூடத்துக்குக் குடிபோனது, இன்று உலகப் புகழ்பெற்ற கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழு அதுதான். வியன்னாவில் 1812ல் தொடங்கிய இசை ஆர்வலர் சங்கத்தின் ஆர்க்கெஸ்ட்ராவிலும் ஆரம்ப காலத்தில் வாசித்தவர்கள் பெரும்பாலும் வேறு தொழில் பார்த்தவர்களே. முதலில் விருப்பத்துக்கு வாசித்தவர்கள், பிறகு சங்கம், பிறகு கூடம், கடைசியில்தான் முழுநேரச் சம்பளம். கோலாலம்பூரில் சம்பளக்காரர்கள் முதலில் வந்தார்கள். சொல்லப்போனால் கூரையைப் போட்டுவிட்டுச் சுவர் எழுப்பிய வீடு மாதிரி. விருப்பத்துக்கு வாசிக்கும் குழுக்கள் இன்றைக்கும் படும் பாட்டுக்குக் காரணத்தைத் தேடினால் அங்கேதான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சிலாங்கூர் மாநில அரசு ஒரு பேண்டு குழுவை அமைத்தது. அதில் வாசிக்க ஆள் எடுத்தது பிலிப்பைன்ஸிலிருந்து. காரணம் எளிது: முந்நூறு ஆண்டுக்கும் மேலான ஸ்பானிய ஆட்சியில் அங்கே தேவாலயத்திலும் ராணுவத்திலும் மேற்கத்திய இசை ஊறிப்போயிருந்தது, நோட்டு (எழுதிவைத்த இசைக்குறிப்பு) பார்த்து வாசிக்கக்கூடியவர்கள் ஏராளம், கப்பல் தூரமும் அதிகமில்லை. பினாங்கு பேண்டிலும் அவர்கள்தான் பெரும்பாலும். திடலிலும் லேக் கார்டனிலும் ஆங்கிலேயர்களின் விருந்துகளிலும் வாசித்தார்கள். திறந்தவெளி என்பதால் எல்லாம் ஊதுகருவிகள், அதோடு தாளக் கருவிகள். வயலினின் சத்தம் திடலில் பத்தடி தாண்டாது.

இதைச் சும்மா சொல்லவில்லை. இந்த ஊரில் ஊதுகிற பழக்கம் வில் பிடிக்கிற பழக்கத்தைவிட மூத்தது, ஆழமானது. பேண்டு பழக்கம் பள்ளிகளுக்குள் போனது. விக்டோரியா கல்விக்கூடம் போன்ற பழைய பள்ளிகளில் பையன்கள் கிளாரினெட்டும் டிரம்பெட்டும் ஊதக் கற்றார்கள், தமிழ்ப் பையன்களும் அதில் உண்டு. அங்கே கற்றுக்கொண்டு காவல்துறை, ராணுவ பேண்டுகளில் வேலைக்குப் போனவர்களும் உண்டு. ஆனால் வில்லால் வாசிக்கும் வியோலாவும் (வயலினைவிடச் சற்றுப் பெரியது) டபுள் பாஸும் எந்தப் பள்ளித் திடலிலும் அணிவகுத்துப் போவதில்லையே! விருப்பக்காரர்கள் சேர்ந்து வாசிக்கும் ஒரு சமுதாய ஆர்க்கெஸ்ட்ராவை ஆரம்பிக்க நினைப்பவர் இங்கே அறிவிப்பு ஒட்டினால் முதல் வாரமே டிரம்பெட்டுக்குக் கூட்டம் சேர்ந்துவிடும், வியோலாவுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அடுத்தது வானொலி. 1961ல் ரேடியோ மலாயாவின் ஆர்க்கெஸ்ட்ரா உருவானது. அதன் முதல் நடத்துநர் அல்போன்சோ சொலியானோ, மேலே சொன்ன பிலிப்பினோ இசைப் பரம்பரையில் வந்தவர். அந்தக் குழு சிம்பொனி வாசிப்பதற்காக வைத்ததல்ல. பாடகர்களுக்குப் பின்னணி, மலாய்ப் பாட்டுகளுக்குப் புதிய இசையமைப்பு, ஜாஸ், விழா நிகழ்ச்சிகள் என்று அன்றாடம் ஒலிபரப்புக்கு என்ன தேவையோ அதை வாசித்தது. ஆனாலும் ஒரே அறையில் வயலின் வரிசையும் பித்தளை ஊதுகருவி வரிசையும் நோட்டு பார்த்து மாதச் சம்பளத்துக்கு வாசித்தது இந்த நாட்டின் இசைக்குக் கிடைத்த பெரிய பயிற்சிக்கூடம். பிறகு அதே குழுவை ஜோஹாரி சாலே போன்றவர்கள் நடத்தினார்கள். இது நடந்துகொண்டிருந்த அதே காலத்தில் சிலாங்கூர் பில்ஹார்மோனிக் சங்கம் மாதிரியான விருப்பக் கலைஞர் சங்கங்களும் இருந்தன, ஆனால் அவை முக்கியமாகப் பாடகர் குழுக்கள். மேடை நாடகத்துக்கோ கிறிஸ்துமஸ் கச்சேரிக்கோ வாத்தியக்காரர்கள் தேவைப்பட்டால் அங்கங்கே ஆள் பிடித்துச் சேர்ப்பார்கள், நிகழ்ச்சி முடிந்ததும் கலைந்துவிடும். இப்படிச் சேர்ந்து கலைகிற குழுவில் யாருக்கும் கைப்பழக்கம் வளராது, ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

1993ல் அரசு தேசிய சிம்பொனி இசைக்குழுவை ஏற்படுத்தியது. 1999ல் ஜாலான் துன் ரசாக்கில் இஸ்தானா புடாயா திறந்த பிறகு அதற்கு நிலையான மேடை கிடைத்தது.

பெரிய திருப்பம் 1998 ஆகஸ்ட் 17. அன்றுதான் இரட்டைக் கோபுரத்தின் அடியில் பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் மண்டபம் திறந்தது, டச்சு நடத்துநர் கீஸ் பாக்கெல்ஸ் தலைமையில் மலேசிய பில்ஹார்மோனிக் முதல் கச்சேரியை வாசித்தது. அந்த நேரத்தை நினைத்துப் பாருங்கள். ஆசிய நிதி நெருக்கடியின் உச்சம், அடுத்த இரண்டு வாரம் கழித்து செப்டம்பர் 2ல் ஒரு டாலருக்கு 3.80 என்று மலேசிய வெள்ளியின் (ரிங்கிட்டின்) மதிப்பையே கட்டிப்போட்டார்கள். வேலை போனவர்கள், கடன் கட்ட முடியாதவர்கள் நம் குடும்பங்களிலேயே இருந்தார்கள். அப்படியொரு வேளையில் ஓர் எண்ணெய் நிறுவனம் சுமார் 900 பேர் உட்காரும் மண்டபமும், கூரைப் பலகைகளை ஏற்றியிறக்கி ஒலியைச் சரிசெய்யும் வசதியும், ஏறக்குறைய மூவாயிரம் குழாய் கொண்ட ஜெர்மன் ஆர்கனும், இருபதுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து தேர்ந்தெடுத்த வாசிப்பாளர்களும் வைத்துத் தொடங்கியது பலருக்குச் சரியாகப் படவில்லை. மலேசியர்கள் அதில் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்ததும் உறுத்தியது. அந்த உறுத்தல் நியாயம்தான் என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதுவரை ஒரு கோலாலம்பூர்ப் பிள்ளை ஓபோ என்ற ஊதுகருவியைக் கற்க ஆசைப்பட்டால் யாரிடம் போவது? பசூனுக்கு? ஹார்னுக்கு? பில்ஹார்மோனிக் வந்த பிறகு ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உலகத்தரமான ஒருவர் இந்த ஊரில் வாடகை வீட்டில் குடியிருந்தார். மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார், பல்கலைக்கழகங்களில் வகுப்பெடுத்தார். பத்து ஆண்டுக்குள்ளேயே அதன் பலன் தெரிந்தது. 2007 ஆகஸ்டில் மலேசிய பில்ஹார்மோனிக் இளையோர் இசைக்குழு அதே மண்டபத்தில் முதல் கச்சேரி நடத்தியது, நாடு முழுக்கத் தேர்வு வைத்து எடுத்த பிள்ளைகள். வயது வரம்பு தாண்டியதும் இவர்கள் என்ன ஆவார்கள்? சிலர் வெளிநாடு போய் இசையே படித்தார்கள், சிலர் ஆசிரியரானார்கள், மிச்சப் பேர் கணக்காளராகவும் பொறியாளராகவும் மருத்துவராகவும் ஆனார்கள். வாத்தியத்தைப் பெட்டியில் போட்டு அலமாரி மேலே ஏற்ற மனம் வராத இந்த மிச்சப் பேர்தான் சமுதாய ஆர்க்கெஸ்ட்ராவின் அடித்தளம். கூரை போட்ட பிறகு சுவர் எழும்பிய கதை இதுதான்.

சுவர் எழும்பிய இடங்களில் ஒன்று செந்தூல். நம்மவர்களுக்குச் செந்தூல் என்றதும் ரயில்வே பட்டறைதான் ஞாபகம் வரும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து மலாயா ரயில்வேயின் மத்திய பட்டறை அங்கேதான் இயங்கியது. இன்ஜின் பழுது பார்ப்பது, பெட்டி கட்டுவது, இரும்பு வார்ப்பது எல்லாம் அங்கே. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணிமார்கள் என்று ஒரு தமிழ் ஊரே பட்டறையைச் சுற்றி வளர்ந்தது. 1945ல் நேச நாட்டு விமானங்கள் அதன்மேல் குண்டு போட்டன, போருக்குப் பின் மறுபடி கட்டினார்கள், கடைசியில் பட்டறை வேலை பத்து காஜாவுக்கு மாறிப்போனது. 2003 ஜூனில் மெர்டேக்கா சதுக்கத்தின் கீழே இருந்த ஆக்டர்ஸ் ஸ்டூடியோ நாடக அரங்கம் திடீர் வெள்ளத்தில் மூழ்கியது. அதை நடத்திவந்த ஜோ ஹஷாமும் ஃபரிடா மெரிக்கானும் புது இடம் தேடி வந்து சேர்ந்தது இந்தச் செந்தூல் ரயில்வே நிலத்தில். பழைய ரயில்வே கட்டடத்தின் செங்கல் சுவர்களை இடிக்காமல், கண்ணாடியும் எஃகும் சேர்த்து, 2005ல் கோலாலம்பூர் நிகழ்கலை மையம் திறந்தது. எல்லோரும் கேஎல்பேக் என்பார்கள். நாடகத்துக்காக வந்த இடம்தான், ஆனாலும் தந்திக்குழு, ஊதுகருவிக் குழு, முழு ஆர்க்கெஸ்ட்ரா என்று விருப்பத்துக்கு வாசிப்பவர்களுக்கு அங்கே வீடு கிடைத்தது. பெரிய அரங்கில் சுமார் 500 இருக்கை, மாணவரும் ஆசிரியரும் அலுவலகம் போகிறவர்களும் கலந்து உட்காரும் குழுக்கள். நம் தாத்தாக்கள் இரும்படித்த நிலத்தில் இன்று பீத்தோவன் கேட்கிறது, அதில் நம் பேரப்பிள்ளைகள் எத்தனை பேர் என்ற கேள்வியை நான் விடப்போவதில்லை. பினாங்கிலும் மாநில அரசு ஆதரவோடு ஒரு பில்ஹார்மோனிக் உண்டு, அதைத் தனியாக எழுத வேண்டும்.

ஒத்திகை எப்படி நடக்கும் என்று வெளியிலிருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. வருபவர்கள் முதலில் நாற்காலி அடுக்குகிறார்கள், கைப்பிடி இல்லாத நாற்காலி வேண்டும், இல்லாவிட்டால் வில் இடிக்கும். நோட்டு தாங்கி இரண்டு பேருக்கு ஒன்று. பக்கம் திருப்ப வேண்டிய இடம் வந்தால் உள்பக்கம் இருப்பவர் வாசிப்பதை நிறுத்தித் திருப்புவார், பார்வையாளர் பக்கம் இருப்பவர் விடாமல் வாசிப்பார், இது எழுதாத சட்டம். ஓபோக்காரர் 'ஏ' ஸ்வரம் கொடுக்க எல்லோரும் சுருதி சேர்க்கிறார்கள். நான் போய் உட்கார்ந்திருந்த ஒரு ஒத்திகையில் இரண்டாம் வயலின்களுக்கு நான்கே நான்கு பார் (தாளக் கட்டம்) இசைக்கு இருபது நிமிஷம் ஆனது. ஸ்வரம் தப்பில்லை, பாதிப் பேர் வில்லை மேலே தள்ளும்போது பாதிப் பேர் கீழே இழுத்தார்கள், ஒலி கசங்கியது. முன்வரிசைக்காரர் எழுந்து ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் வில்லின் திசையைச் சொல்லச் சொல்ல, எல்லோரும் பென்சிலால் குறித்துக்கொண்டார்கள். பேனா கூடாது, அடுத்த நடத்துநர் மாற்றுவார். மறுபடி வாசித்தபோது பத்துப் பேர் வாசிப்பது ஒரே ஆள் வாசிப்பதுபோல் கேட்டது. எந்தப் பாட்டு வகுப்பிலும் தனியாகப் படித்து இது வராது, அறையில் உட்கார்ந்தால்தான் வரும்.

எதை வாசிப்பது என்பதைப் பணமும் ஆள் கணக்கும் தீர்மானிக்கின்றன. மலேசியச் சட்டப்படி பதிப்புரிமை இசையமைப்பாளர் இறந்து ஐம்பது ஆண்டு வரை. அதைத் தாண்டாத இசைக்குப் பெரும்பாலும் நோட்டை வாடகைக்கு எடுக்க வேண்டும், ஒரு கச்சேரிக்கே கணிசமான தொகை. ஆகவே ஷூபர்ட், பீத்தோவன், டுவோர்ஷாக், சைக்கோவ்ஸ்கி. இவர்களின் நோட்டு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியையே எடுத்துக்கொள்ளுங்கள், எல்லோரும் ஆசைப்படுவது. மூன்று டிராம்போன், ஒரு பிக்கலோ, ஒரு டபுள் பசூன் வேண்டும், ஆனால் இந்த ஐந்து பேரும் நான்காவது பகுதி வரை கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். சம்பளக்காரருக்கு அது வேலை. கிள்ளானிலிருந்து ஒன்றரை மணி நேரம் நெரிசலில் கார் ஓட்டி வந்த விருப்பக்காரர்? அவரையும் ஒவ்வொரு வாரமும் வரவைக்கிறார்களே, அந்தத் திறமைக்கு எந்த விருதும் கிடையாது.

நம் ஊர் வானிலையையும் விட முடியாது. வெளியே முப்பத்திரண்டு டிகிரி, அறைக்குள் ஏர்கோன் இருபது. ஈரத்தில் வயலின் முருக்காணி உப்பி இறுகிக்கொள்ளும், குளிரில் காய்ந்து வழுக்கும். குளிர்ந்த அறையில் ஊதுகருவியின் சுருதி இறங்க, தந்தியின் சுருதி ஏற, இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் போகும். கிரனடில்லா என்ற ஆப்பிரிக்கக் கருமரத்தில் செய்த ஓபோ திடீர் வெப்பமாற்றத்தில் வெடித்தே போகலாம், அதனால் வாசிக்கும் முன் அதைக் கையிலும் அக்குளிலும் வைத்துச் சூடேற்றுகிறார்கள்.

2020 மார்ச் 18ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது எல்லாக் குழுவும் நின்றது. முகக்கவசம் போட்டுக்கொண்டு வயலின் வாசிக்கலாம், ஹார்ன் ஊத முடியாது. சம்பளமும் சொந்தக் கட்டடமும் இருந்த குழுக்களுக்குத் திரும்பி வர வழி இருந்தது. வாராவாரம் சேர்வதைத் தவிர வேறு எதுவும் இல்லாத குழுவுக்கு அந்தச் சேர்வதே போய்விட்டால் என்ன மிஞ்சும்? மீண்டும் கூடியவர்களைக் கும்பிட வேண்டும்.

இப்போது நம் பிள்ளைகள் விஷயம். தமிழருக்கு இந்த இசை அந்நியம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முத்துசுவாமி தீட்சிதர் சென்னையில் ஆங்கிலேயர் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார், இன்றும் குழந்தைகளுக்கு நோட்டுஸ்வரம் என்று சொல்லித்தருகிறோம். அவர் தம்பி பாலுசுவாமி ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று அதைக் கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார். தஞ்சையில் சரபோஜி மன்னர் அரண்மனையிலேயே மேற்கத்திய பேண்டு வைத்திருந்தார். இருநூறு ஆண்டு உறவு இது. கோலாலம்பூரிலும் வயலின் பிடிக்கும் தமிழ்க் குழந்தைகள் குறைவில்லை. 1981ல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், சங்கீத அபிவிருத்தி சபா, கோவில் வகுப்புகள், வீட்டு வகுப்புகள் என்று எத்தனையோ. தேவாலயப் பாடகர் குழுக்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கோ நான்கு குரல் இசை காதிலேயே இருக்கிறது.

அப்புறம் ஏன் ஆர்க்கெஸ்ட்ராவில் குறைவாகத் தெரிகிறார்கள்? கர்நாடக வயலினிலிருந்து வருகிற பிள்ளைக்கு உடம்பே மாற வேண்டும். தரையில் சம்மணமிட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, ச-ப-ச-ப என்று பாடகரின் சுருதிக்குத் தந்தி கட்டி, ஒரே விரலை இழுத்துக் கமகம் வாசித்துப் பழகிய கை அது. நாற்காலியில் நிமிர்ந்து தாடையில் தாங்கி, நிலையான நான்கு ஸ்வரத்துக்குக் கட்டி, பக்கத்திலிருப்பவர் எந்த விரல் வைக்கிறாரோ அதையே வைத்து, கமகம் துளியும் எட்டிப்பார்க்காமல் வாசிப்பது முதல் ஆறு மாதம் சித்திரவதை. செய்யக்கூடியதுதான், காது ஏற்கெனவே கூர்மையாக இருப்பதால் சுருதியில் இவர்கள் மற்றவர்களைவிட முன்னால் நிற்பார்கள்.

மேற்கத்திய முறையில் கற்ற பிள்ளைகளுக்குத் தடை வேறு. கிரேடு தேர்வு. ஒன்றிலிருந்து எட்டு வரை வருஷத்துக்கொன்று, ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு பாட்டு, தனியாக வாசித்துச் சான்றிதழ் வாங்கி, எட்டாம் கிரேடு முடிந்ததும் படம் பிடித்துப் போட்டுவிட்டு பள்ளியிறுதி எஸ்பிஎம் பரீட்சைக்கு வாத்தியத்தை மூடி வைக்கிறோம். பெற்றோரான நம்மை நோக்கித்தான் இதைச் சொல்கிறேன். எட்டு ஆண்டு கட்டணம் கட்டியும் அந்தப் பிள்ளை ஒரு தடவைகூட அறுபது பேர் நடுவில் உட்கார்ந்து வாசித்திருக்காது. உறுமி மேளப் பையன்களைப் பாருங்கள், எந்தச் சான்றிதழும் இல்லை. தாமான் மண்டபத்தின் பின்னால் வாரம் தவறாமல் கூடி, பெரியவன் சின்னவனுக்குச் சொல்லித்தந்து, தைப்பூசத்துக்குப் பத்துமலையில் மணிக்கணக்கில் சேர்ந்தே வாசிக்கிறார்கள். சேர்ந்து வாசிப்பதற்காகவே கற்பது நம் சமூகத்துக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. அதை வயலின் வகுப்பில் மட்டும் ஏன் மறக்கிறோம்?

சேர விரும்புகிறவர்களுக்கு: பெரும்பாலான குழுக்கள் ஆண்டுக்கொரு முறையாவது தேர்வு வைக்கின்றன. சில ஸ்கேல் (ஸ்வர வரிசை), தயார் செய்த ஒரு பாட்டு, முன்பின் பார்க்காத நோட்டைப் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பது, அவ்வளவுதான். மூன்றாவதில்தான் தேர்வு வகுப்புப் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள், தினம் ஒரு பக்கம் புதிதாக வாசித்துப் பழகினால் சில மாதத்தில் சரியாகிவிடும். வயலின் ஐந்தாம் ஆறாம் கிரேடு அளவுக்கு வாசிக்கிற பிள்ளை வியோலாவுக்கு மாறச் சம்மதித்தால் இன்னும் சுலபம். விரல் இடைவெளி கொஞ்சம் அகலம், படிக்க வேண்டியது ஆல்டோ கிளெஃப் என்ற வேறு நோட்டு முறை, பழக இரண்டு மூன்று மாதம் போதும். வாத்தியம் வாங்கும் முன் குழுவிடம் இரவல் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள், வியோலா வாசிக்க ஆள் வருகிறார் என்றால் எப்படியாவது ஒன்றைத் தேடிக் கொடுப்பார்கள்.